சிப்பிக்குக் காவல், பிள்ளைக்குச் செலவு

தூத்துக்குடிக்குக் கிழக்கே, கரையிலிருந்து சில மைல் தள்ளி, கடலடியில் பாறையும் மணலும் கலந்த மேடுகள் கிடக்கின்றன. பார் என்பார்கள். தொலையிரம் பார் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது இந்தப் பார்களில்தான். கரையில் ஒரு சென்ட் நிலத்துக்கு நாலு பேர் வழக்காடுவார்கள். கடலடியில் கிடந்த இந்தச் சொத்துக்கோ எந்தக் காலத்திலும் அரசுதான் உரிமை கொண்டாடியது. கொற்கைப் பாண்டியரில் தொடங்கி, போர்த்துக்கீசியர், 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர், 1825இல் நிலையாகக் கைக்கொண்ட ஆங்கிலேயர் என்று ஆள்கிறவர்கள் மாறினார்கள். முத்தில் அரசு பங்கு கேட்பது மாறவில்லை.

அந்தச் சொத்தை அரசு எப்படிப் பேணியது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்விக்கும் மருத்துவத்துக்கும் அரசு பணம் போடுவதைப் பற்றி இந்தக் கடற்கரையில் பேசுவதானால், தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சிப்பிக்கு நாலைந்து வயதானால்தான் முத்து விலைபோகும் அளவுக்குத் தேறும். முந்தினால் பொடிமுத்து. பிந்தினால் சிப்பி தானாகச் செத்து, முத்து மணலோடு மணலாகிவிடும். ஆகவே பார்களை மேற்பார்க்க ஓர் அதிகாரி, அவருக்குப் படகு, உடன் குளியாட்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, அலசி, கிடைத்த முத்தை விவரம் தெரிந்தவர்களிடம் காட்டி, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று மதிப்புப் போடுவார்கள். மதிப்புத் தேறாவிட்டால் அந்த ஆண்டு சலாபம் என்கிற முத்துக்குளிப்பு இல்லை. 1830க்குப் பின் 1860 வரை தூத்துக்குடியில் சலாபமே நடக்கவில்லை. முப்பது ஆண்டு! காலணா வருமானம் இல்லாத அந்தக் காலத்திலும் பார்களைப் போய்ப் பார்ப்பதை அரசு விட்டுவிடவில்லை. காத்திருக்கவும், காத்திருக்கும் காலத்துக்குச் செலவு செய்யவும் அந்த அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சலாபம் கூடினால் கணக்கு வேறு. குளியாள், கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து ஏழெட்டுப் பாகம் ஆழம் இறங்குவான். ஒரு நிமிட மூச்சுக்குள் இடுப்பு வலைக்கூடையை நிரப்பிக் கயிற்றைச் சுண்டுவான். மேலே நிற்பவர் தூக்கிவிடுவார். சாயங்காலம் கரைக்கு வந்ததும், கொட்டு என்ற வேலி அடைப்புக்குள் சிப்பியைக் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு குவியல் அரசுக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதுதான் வழக்கம். மிச்சம் ஒன்றைத்தான் குளியாளும் படகுக்காரரும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக அன்றே ஏலம் போகும்.

குளியாளின் உடம்புக்காக அரசு என்ன செலவு செய்தது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதிர்க்கரையான இலங்கையில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டிக்கு அரசு சம்பளம் கொடுத்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் அந்த மந்திரத்தை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் கடல்கட்டி வராமல் குளியாள் தண்ணீரில் இறங்க மாட்டான். இறங்காவிட்டால் சிப்பி வராது. அடுத்தது வாந்திபேதி. சலாபம் என்றால் ஆயிரக்கணக்கானவர் வெறும் மணலில் கூடும் முகாம். சிப்பி அழுகும் நாற்றம், ஈ, குடிதண்ணீர்த் தட்டுப்பாடு. நோய் வந்தால் முகாம் ஒரே இரவில் கலைந்துவிடும். ஆகவே முகாமுக்கு மருத்துவர் வருவார், கொட்டகை ஆஸ்பத்திரி போடுவார்கள். முகாம் முடிந்தால் மருத்துவரும் போய்விடுவார். தூத்துக்குடிக்கு மேற்கே தட்டப்பாறையில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறப் போனவர்களை நிறுத்திச் சோதித்த முகாமின் கதையும் இதுதான். தோட்டங்களுக்கு நோய் போய்விடக் கூடாது என்ற கவலைதான் அதை நடத்தியது. ஊருக்குத் திரும்பி நடந்தவர்களுக்கு என்ன வைத்தியம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, அன்றைய அரசு பொதுப்பணத்தை ஆரோக்கியத்தில் போடாமல் இல்லை. வருமானம் எங்கே தடைப்படுமோ அங்கே, எவ்வளவு நாள் தடைப்படுமோ அவ்வளவு நாளுக்குப் போட்டது. சிப்பியின் நாலைந்து ஆண்டுக்குக் காத்திருந்த அரசுக்குக் குளியாளின் பிள்ளை வளரும் பதினைந்து ஆண்டு கணக்கிலேயே வரவில்லை.

காவலையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்க்கரையே சாட்சி. 1905இல் இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு வந்தது ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அந்த மகசூலில் மயங்கிய லண்டன் முதலீட்டாளர்கள் ஒரு கம்பெனி தொடங்கி, 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிச் சலாபம். பிறகு 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியை ஒட்டிய வேப்பலோடையில் வளர்ப்புமுத்து உண்டாக்கிக் காட்டினார்கள். அதை வேறொரு நாள் எழுதலாம்.

இப்போது பிள்ளைக்கு வருவோம். பாரைக் காத்தவனுக்கே முத்தில் பங்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. ஒரு பிள்ளைக்கு இன்று சோறும் எழுத்தும் கொடுத்தால், பலன் இருபது ஆண்டு கழித்து வரும். அதுவும் கொடுத்தவர் கைக்கு வராது. படித்த பெண் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடலாம். அவள் கட்டும் வரி வேறு கணக்கில் விழலாம். அவள் குழந்தை நோயில்லாமல் வளர்வது எந்த ஏட்டிலும் பதிவாகாது. இவ்வளவு தாமதமாக, இவ்வளவு சிதறி வரும் லாபத்துக்கு எந்த வியாபாரியும் பணம் போட மாட்டார். போட்டாலும், திருப்பித் தர முடிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் போடுவார். அரசு போட வேண்டியதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. தர்மம், இரக்கம் என்றெல்லாம் பேசுவதற்கு முன்பே கணக்கு அதைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கடற்கரையில் அந்தப் பணத்தை முதலில் போட்டது அரசு இல்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் புன்னைக்காயலில் அண்டிரிக் அடிகளார் தமிழ்ப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தினார். மருத்துவமனைக்கு ஊர்ப் பணமும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சாயர்புரம், இடையன்குடி, நாசரேத் என்று மிஷன் பள்ளிகள் பரவின. நாசரேத்தில் மருத்துவமனையும் வந்தது. கால்டுவெல் 1883இல் தூத்துக்குடியில் கல்லூரி தொடங்கினார். 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பிறகு, இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. கட்டடமும் நிர்வாகமும் சபைக்கு, ஆசிரியர் சம்பளத்தில் பங்கு அரசுக்கு. இன்று நாம் உதவிபெறும் பள்ளி என்று சொல்வதன் வேர் அது. பெண்களுக்குத் தூய மரியன்னை கல்லூரி 1948இல் வந்தது, வ.உ.சி. கல்லூரி 1951இல். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 86.16 சதவீதம்; கன்னியாகுமரி, சென்னைக்கு அடுத்து மாநிலத்தில் மூன்றாவது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட முதலீட்டின் மகசூல் இது. எந்த ஒரு கட்சியும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது.

ஆனால் சபைப் பள்ளி எல்லா ஊருக்கும் போகவில்லை. போன ஊரிலும் பசித்த பிள்ளையை உட்காரவைக்க முடியவில்லை. அந்த இடத்தில்தான் எட்டயபுரம் வருகிறது. 1956 ஜூலையில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைப் பாரதி பிறந்த அந்த ஊரில் தொடங்கிவைத்தார். முதலில் ஊரார் நன்கொடைதான் அடுப்பை எரியவைத்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அரிசியும் பருப்பும் விறகும் திரட்டும் வேலையை ஓர் இயக்கமாக்கினார். அந்த ஆண்டே அரசும் பணம் போட ஆரம்பித்தது. வரிசை கவனிக்கத்தக்கது. நிதி ஒதுக்கீடு வந்து அடுப்பு பற்றவில்லை. அடுப்பு பற்றியபின் நிதி ஒதுக்கீடு வந்தது. ஊர் முன்கூட்டியே போட்ட பணத்தை எந்த நிதிச் செயலாளராலும் தட்டிக்கழிக்க முடியாது. சாமர்த்தியம் என்றால் இதுதான்.

1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பள்ளிக்கு வராத இரண்டு வயதுக் குழந்தைக்கும் சோறு, ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர். அந்த வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. வீண்செலவு என்று சொன்ன பொருளாதார மேதைகளுக்கு அன்று பஞ்சமில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கைப் பார்த்தார்கள்; சோறோ தலைமுறைக் கணக்கில் வேலை செய்யும். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின் சமைத்த மதிய உணவு நாடெங்கும் பரவியது. 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் குழந்தைகளிடம் உயரக் குறைவு குறைந்திருப்பதைக் காட்டியது. தாய் சாப்பிட்ட சோறு பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது. இருபது ஆண்டு தள்ளி, இன்னோர் உடம்பில் வந்து சேரும் வட்டியை எந்தத் தணிக்கையாளர் கண்டுபிடிப்பார்?

கணக்கு எழுதும் முறையில் சிக்கல் இருக்கிறது என்று சொல்ல இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. தூத்துக்குடிக்காரர்கள் ஹார்பர் என்று சொல்லும் புதுத் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகம் ஆனது. அதன் வடக்கு அலைதடுப்புச் சுவர் மட்டும் நான்கு கிலோமீட்டர் நீளம். அந்தச் சுவருக்குக் கொட்டிய கல்லும் பணமும் அரசு ஏட்டில் மூலதனம். அதே ஏட்டில், ஆழ்வார்திருநகரி பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. பள்ளிக் கட்டடம் கட்டினால் மூலதனம். கட்டடத்துக்குள் பாடம் நடத்துகிறவர் செலவு. ஸ்கேன் எந்திரம் சொத்து. அதை இயக்கத் தெரிந்தவர் சுமை.

வெறும் பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. 2003இல் மாநிலத்தில் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்கச் சொல்கிறது. எங்கே வெட்டுவது? கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும், ஓய்வூதியம் கொடுத்தாக வேண்டும். மிஞ்சுவது புதிதாக எடுக்க வேண்டிய ஆசிரியரும் செவிலியரும்தான். அந்தச் சட்டம் வந்த காலத்தில்தான் ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்துக்கு எடுத்தார்கள். 2006இல் ஆட்சி மாறியபிறகே அவர்களுக்குக் காலமுறை ஊதியம் கிடைத்தது. பணியிடங்களைக் காலியாக வைத்திருந்தால் பற்றாக்குறை அழகாகக் குறையும். சுவரில் ஒரு கல் விழுந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். செவிலியர் இல்லாத ஊரில் விடுபட்ட தடுப்பூசி கண்ணில் படாது. இதைச் சொல்வதால், அரசு கொடுக்கும் சம்பளம் எல்லாம் முதலீடு என்று ஆகிவிடாது. வகுப்புக்கு வராத ஆசிரியருக்கும் பன்னிரண்டு மணிக்கே பூட்டப்படும் சுகாதார நிலையத்துக்கும் போவது உண்மையிலேயே செலவுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்றைய கணக்கேட்டில் வழியில்லை என்பதே குறை.

வழி இல்லாவிட்டாலும் தமிழ்நாடு போட்ட பணம் தெரியத்தான் செய்கிறது. சென்னை மாகாணம் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதுதான் முதல். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் ஒரு பிரிவு, கொசு, தண்ணீர், தடுப்பூசி பார்க்கிறவர்கள் தனிப் பிரிவு என்ற ஏற்பாடு இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மருந்து வாங்க 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மொத்தமாக ஒரே டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனையும் பாஸ்புக்கைக் காட்டி எடுத்துக்கொள்ளும் முறை. விலை இறங்கியது. ‘மாத்திரை இல்லை, வெளியே வாங்கிக்கொள்’ என்ற பேச்சு குறைந்தது. 2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இரவும் பகலும் பிரசவம் பார்க்கத் தொடங்கினார்கள். 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. 2020இல் ஆயிரம் குழந்தைக்கு இறந்த சிசுக்கள் இங்கே 13, நாடு முழுவதும் சேர்த்து 28.

தூத்துக்குடிக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? 1986 வரை இது திருநெல்வேலி மாவட்டம். கொஞ்சம் பெரிய நோய் என்றால் ஐம்பது கிலோமீட்டர் போய்ப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வேம்பார் போன்ற வடகோடிக்காரருக்கு இன்னும் தூரம். 2000இல் தூத்துக்குடியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நடுராத்திரியில் வலியெடுத்த பெண்ணுக்கு அந்த ஐம்பது கிலோமீட்டர் மிச்சமானதற்கு ரூபாயில் என்ன மதிப்பு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டாக வேண்டும் என்றுமட்டும் தோன்றுகிறது.

எதிர்க்கரையைப் பார்த்தால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. இலங்கை, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியை 1945லேயே, சுதந்திரத்துக்கு முன்பே, கொண்டுவந்தது. மருத்துவமும் இலவசம். கஜானா காலியான 2022இல்கூட அந்த நாட்டுப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். முன்பு போட்ட பணம் திவாலாகவில்லை. நம் டெல்லியோ, தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று 1966இல் கோத்தாரிக் குழு சொன்னதை இன்னும் எட்டவில்லை. 2025க்குள் 2.5 சதவீதம் மருத்துவத்துக்கு என்று 2017ஆம் ஆண்டுக் கொள்கை எழுதிவைத்தது. 2021-22இல் அரசுச் செலவு 1.84 சதவீதம். நோயாளி தன் பையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 39.4க்கு இறங்கியிருப்பது நல்ல செய்திதான். நூறு ரூபாய் வைத்தியத்தில் இன்னும் நாற்பது ரூபாயை நோயாளியே கொடுக்கிறார் என்றும் அதைப் படிக்கலாம்.

தமிழ்நாட்டுக்குள்ளும் பணம் போய்ச் சேராத மூலைகள் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2022 அசர் கல்வி ஆய்வில், கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஐந்து சதவீதத்தைத் தொடவில்லை. பெருந்தொற்று மூடிய பள்ளிகளின் விளைவு என்பது உண்மை; பெருந்தொற்றுக்கு முன்பும் பத்துப் பேரில் ஒருவர்தான் என்பதும் உண்மை. பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவரத் தெரிந்த அளவுக்கு, வந்த பிள்ளைக்கு எழுத்தைக் கொடுக்க நமக்குத் தெரியவில்லை.

உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும்வரை உப்பை வாரிக் கரையேற்றும் பெண்ணுக்கு, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் கண் போகிறது. கால் வெடிப்பில் உப்பு ஏறுகிறது. அவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் நேரம் பெரும்பாலும் முடிந்துவிடும். கட்டடம் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது. நேரம் மட்டும் அவருக்காக வைத்த நேரம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்ததில் இந்தக் குறையின் ஒரு பகுதி தீர்ந்தது. கண்ணுக்கும் காலுக்கும் தீரவில்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது மாநில அரசு. அது வேண்டியதுதான், ஆனால் அது நிவாரணம். அதே கடலில் இன்றும் சங்கு குளிக்கிறவர்கள், கம்ப்ரசர் காற்றைக் குழாயில் வாங்கிக்கொண்டு நெடுநேரம் அடியில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வருகிறார்கள். மூட்டுக்குள் காற்றுக் குமிழி ஏறி முடங்குகிற ஆபத்து அவர்களுக்கு அன்றாடம் உண்டு. முத்துக்கு அரசு பங்கு கேட்ட காலத்தில் கடல்கட்டிக்காவது சம்பளம் இருந்தது.

உதவிபெறும் பள்ளி விஷயம் இன்னும் விசித்திரமானது. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் என்று எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டியே பள்ளி இருக்கும். கட்டணம் கட்ட முடிந்ததால் அங்கே பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் இல்லை இந்த ஊர்ப் பெற்றோர். ஊரில் இருந்த பள்ளி அதுதான். ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம், மதியச் சத்துணவும் உண்டு. ஆனால் அண்மைத் திட்டங்கள் பலவும் ‘அரசுப் பள்ளி மாணவர்களுக்கு’ என்று எழுதப்பட்டே வந்தன. காலை உணவு 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில், நகர்ப்புறத்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது விரிந்தது 2024 டிசம்பர் 30 அன்று, தூத்துக்குடியிலேயே நடந்த விழாவில். இரண்டும் வந்துவிட்டன, நல்லது.

மருத்துவக் கல்லூரி இடம் மட்டும் இன்னும் அந்தப் பக்கமே இருக்கிறது. நீட் தேர்வால் ஏழைப் பிள்ளைகள் வெளியே நின்றபோது, 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒரு தகப்பன், மகள் பிற்காலத்தில் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டால், அவளுக்குப் பத்தோ பதினொன்றோ வயது இருக்கும்போதே கோயில் பள்ளியை விட்டு, பஸ் ஏறிப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.